புதுச்சத்திரத்தில் ஒரு பாரிஸ் பெட்டி

சென்ற மே மாதம் இரண்டாவது வாரம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, புதுச்சேரியிலிருந்து சேலம் வழியாக நாமக்கல் பக்கம் போய் வந்தேன். அந்த மாதத்தில் அந்தப் பக்கம் யாராவது விரும்பிப் போவார்களா என்று கேட்காதீர்கள். நானும் விரும்பிப் போகவில்லை. மே முப்பத்தொன்றுக்குள் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து பாரிசுக்கு அனுப்பியாக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வலைப்பூவைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: எனக்கு ஐம்பத்து மூன்று வயது. புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன், கூடவே மொழிபெயர்ப்பு வேலை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் பிரான்சின் பெரிய ஃபேஷன் நிறுவனம் ஒன்று என்னைத் தேடி வந்தது. பெயரை எழுத மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் பின்னூட்டத்தில் கேட்டு நச்சரிக்க வேண்டாம். அவர்கள் தங்கள் வரலாற்றைத் தலையணை கனத்தில் புத்தகமாகப் போடுகிறார்கள். அதில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் புதுச்சேரிக்குக் கப்பலில் வந்த அவர்களுடைய பயணப் பெட்டிகள் பற்றி ஓர் அத்தியாயம். அதை எழுதும் வேலை என்னுடையது. அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழே என் பெயர் வரும். மற்றவர்களின் எழுத்தை மொழிபெயர்த்தே முப்பது வருடங்களை ஓட்டியவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. உண்மையான பெட்டி ஒன்றாவது இன்றும் இந்த மண்ணில் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தியாயமே கிடையாது. காரைக்காலில் ஆரம்பித்து இரண்டு வருடங்களில் ஏழு பெட்டிகளைத் தேடிப் போய்விட்டேன். மூன்று போலி, இரண்டைக் கரையான் தின்றுவிட்டது, ஒன்று வேறு கம்பெனி. ஏழாவதைக் காட்டுவதாகச் சொன்னவர் என்னிடம் காப்பீட்டுப் பாலிசி விற்கப் பார்த்தார். எட்டாவதுதான் நாமக்கல் பெட்டி.

அது கிடைத்ததும் இந்த வலைப்பூவால்தான். பெட்டிகளைப் பற்றி நான் எழுதிய பழைய பதிவைப் பார்த்துவிட்டு, திருச்செங்கோட்டில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண், "எங்கள் அப்பாவின் பட்டறையில் இப்படி ஒன்று இருக்கிறது" என்று ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். நீலப் பெயிண்ட் அடித்த பெரிய பெட்டி. ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் அந்த நிறுவனத்தின் பழைய கித்தான் துணியும் அதன் சாய்சதுரக் கட்டங்களும் அப்பட்டமாகத் தெரிந்தன.  உடனே அவருடைய அப்பாவுக்கு ஃபோன் போட்டு, வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஃபோனை நான் போட்டிருக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வியாழன் காலை 5.10-க்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் சேலம் வண்டி. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர், வாழப்பாடி வழியாக ஏறத்தாழ 215 கிலோமீட்டர். டிக்கெட் 195 ரூபாய். வலது பக்கம் உட்காராதீர்கள் என்று எல்லாப் பதிவிலும் எழுதுகிறேன். அன்று தூக்கக் கலக்கத்தில் நானே வலது பக்கம் உட்கார்ந்தேன். வண்டி பாதி தூரம் வரை தெற்கும் மேற்குமாக வளைந்து வளைந்து போகிறது, வெயில் எந்தப் பக்கமாவது வந்து மேலே விழுந்துவிடுகிறது. ஆக, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

கள்ளக்குறிச்சி தாண்டியதும் தூக்கம் வராது என்று தெரிந்துபோனது. மடியில் நிறுவனத்தின் வரலாற்றுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு மறுபடியும் புரட்டினேன். கதை சுவாரசியமானதுதான், நூறாவது தடவை படிக்காதவர்களுக்கு. அதை ஆரம்பித்தவர் தையல்காரரும் இல்லை, பிரபுவும் இல்லை. ஊர்விட்டு ஊர் போகும் குதிரை வண்டிகளின் கூரையில் ஏற்றிய மூட்டை முடிச்சுகள் மழையில் நனையாமல் மெழுகு பூசிய கித்தான் போர்த்திக் கட்டுவது அவர் வேலை. ஒவ்வொரு தடவையும் போர்த்துவானேன், பெட்டியின் மேலேயே துணியை ஒட்டி ஆணியடித்துவிட்டால் என்ன என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. ரயில் வந்தது, நீராவிக் கப்பல் வந்தது, பெட்டி பிய்த்துக்கொண்டு போனது. பூட்டுக்குப் பூட்டு ஓர் எண் பொறித்து, எந்த எண் யாருக்குப் போனது என்று பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். பிறகு மோட்டார் கார் வந்ததும் ஆள் உயரப் பெட்டிகளை யாரும் சீந்தவில்லை. மூன்றாம் தலைமுறையில் வந்த மருமகள், கிடங்கில் மிஞ்சிக் கிடந்த கித்தானை வெட்டிப் பெண்களுக்குக் கைப்பை தைத்துப் பார்த்தார். அதிலிருந்து கழுத்துத் துண்டு, கவுன், வாசனைத் தைலம், மேடையில் சிரிக்காமல் நடக்கும் பெண்கள். இன்று அவர்கள் விற்கும் ஒரு பையின் விலைக்கு நான் பத்து வருடம் பேருந்தில் சுற்றலாம்.

வாழப்பாடிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் பின்சக்கரம் பஞ்சர். நாற்பது நிமிடம் சாலையோரம் ஒரு புளியமரத்தின் கீழ் நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு மரவள்ளிக்கிழங்கு வியாபாரி, "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். "நாமக்கல்லுக்கு, ஒரு பெட்டி பார்க்க" என்றேன். "பொட்டியா? சேலத்துலயே நல்ல பொட்டி கெடைக்குமே" என்று கடையின் பெயரையும் சொன்னார். எனக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. குறித்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன்.

சேலம் புதிய பேருந்து நிலையம் சேர்ந்தபோது 11.35. கட்டணக் கழிப்பறை 10 ரூபாய். எலுமிச்சைச் சாறு 25. நாமக்கல் வண்டிகள் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகின்றன, ஆனால் எல்லாம் புதுச்சத்திரத்தில் நிற்காது. இது முக்கியம். நான் முதலில் ஏறிய வண்டியின் நடத்துநர் டிக்கெட் கேட்டதும் கையை விரித்துவிட்டார்.

"புதுச்சத்திரம் நிக்காதுங்க. இது நேரா நாமக்கல்."

"போர்டில் எழுதவில்லையே?"

"எழுதினா ஆரு படிக்கறாங்க? எறங்கி அந்தப் பச்ச வண்டில ஏறுங்க, அவன் கை காட்டுற எடத்துலயெல்லாம் நிப்பான்."

பச்சை வண்டி அவர் சொன்னபடியே கை காட்டிய இடத்திலெல்லாம் நின்றது. நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம், 45 ரூபாய். புதுச்சத்திரத்தில் இறங்கும்போது மணி 1.20. நெடுஞ்சாலையில் நிழல் என்று சொல்லிக்கொள்ள மேம்பாலத்தின் அடிப்பக்கம் மட்டும்தான். அங்கே வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு மெலிந்த மனிதர் மொபெட்டோடு காத்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பட்டறைக்காரர் செல்லமுத்து அவர்தான்.

"டீச்சருங்களா? வாங்க வாங்க. ரெண்டு கிலோமீட்டருங்க, உக்காருங்க. பொட்டி ரெடியா இருக்குதுங்க."

பெட்டி எப்படி ரெடியாகும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. முழங்கால் வலியோடு மொபெட்டின் பின்னால் ஒருக்களித்து உட்கார்வதிலேயே என் புத்தி முழுவதும் போய்விட்டது.

பட்டறை என்றால் லாரிக்கு உடம்பு கட்டும் பட்டறை. கம்பெனியிலிருந்து லாரி வெறும் எலும்புக்கூடாகத்தான் வருகிறது. எஞ்சினும் சக்கரமும் நீண்ட இரும்புச் சட்டமும் மட்டும். கேபின், பக்கப் பலகை, கருவிப்பெட்டி, பெயிண்ட் எல்லாம் இங்கேதான். தகரக் கொட்டகைக்குள் நான்கு எலும்புக்கூடுகள் நின்றன. வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. அனல் முகத்தில் அறைந்தது. ஒரு ஓரத்தில் அலுவலக அறை, அதை ஒட்டி வீடு. அறை வாசலில் செல்லமுத்துவின் மனைவி பாவாயி அம்மாள் சொம்பில் மோரோடு நின்றார்.

"வாங்க அம்மிணி. மூஞ்சியெல்லாம் செவந்து போச்சே. மொதல்ல மோரக் குடிங்க, பொட்டி எங்கயும் ஓடிப் போகாது."

குடித்தேன். ஒரு சொம்பு முழுவதும். பிறகு உள்ளே போனேன்.

பெட்டி சுவரோரம் ஒரு மரப்பலகை மேல் இருந்தது. புத்தம் புதுசாகப் பளபளத்தது. அடி முதல் மூடி வரை காவி நிறம், விளிம்புக்கு மஞ்சள் பட்டை, முகப்பில் இரண்டு கிளிகள், நடுவில் தாமரை, மூடியில் வளைவாக "நல்வரவு". லாரியின் பின்பக்கம் எழுதுகிற அதே கை. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. புகைப்படத்தில் நான் பார்த்த உள்ளங்கை அகலக் கித்தான் இருந்த மூலையில் இப்போது ஒரு கிளியின் வால் இருந்தது.

"நீங்க வாரீங்கன்னு ஃபோன் பண்ணினீங்கல்ல" என்றார் செல்லமுத்து பெருமையாக. "உரிஞ்சு போயி அசிங்கமா இருந்துச்சுங்க. நல்லாச் சொரண்டி, பட்டி பாத்து, பெயிண்டர ரெண்டு நாள் உக்கார வெச்சுப் பண்ணினேன். லாரிக்குக் கூட இத்தன கோட் அடிக்கறதில்லீங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டரை மணி நேரம் பயணம் பண்ணி வந்தவள் கண்முன்னால் கிளி. ஆனால் யார்மேல் கோபப்படுவது? விருந்தாளி வருகிறாள் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தவர்மேலா? வாயை மூடிக்கொண்டு இன்னொரு சொம்பு மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பெட்டியின் கதையைச் செல்லமுத்து சொன்னார். அவருடைய அப்பா தச்சர். வாலிபத்தில் புதுச்சேரிக்குப் போய் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டில் மர வேலை பார்த்திருக்கிறார். அவர்கள் கப்பலேறும்போது, உளி ரம்பம் போட்டுக்கொள் என்று இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அதோடு ஊர் திரும்பி, லாரிக்குப் பாடி கட்ட ஆரம்பித்திருக்கிறார். இன்று வரை பட்டறையில் ஒரு லாரி முடிந்தால் அதன் சாவியை முதலில் இந்தப் பெட்டியின் மேல் வைத்து, சூடம் காட்டி, அப்புறம்தான் சொந்தக்காரர் கையில் கொடுப்பார்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெட்டிக்குப் புதுப் பெயிண்ட். இத்தனை வருடப் பெயிண்டுக்கு அடியில் பாரிஸ் கித்தான் பத்திரமாகத்தான் இருந்திருக்கும், எனக்காகச் சுரண்டும் வரை.

நானும் பதிலுக்குப் பாரிஸ் கதையைச் சொன்னேன். வண்டிக் கூரையில் கித்தான் போர்த்தியவர் என்றதும் செல்லமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப தார்ப்பாய்க்காரருங்களா அவரு? நம்ம லைனுங்க! நான் என்னமோ துணிக்கட முதலாளின்னு நெனச்சேன்."

பாவாயி அம்மாள் வேறொன்று கேட்டார். "இந்தப் பொட்டியச் செஞ்ச ஆளு பேரு என்னங்க அம்மிணி?"

"முதலாளி பேரா?"

"மொதலாளி இல்லீங்க. ஆணி அடிச்சவரு."

எனக்குத் தெரியவில்லை. என் பையில் இருந்த குறிப்புகளில் முதலாளிகள் இருந்தார்கள், அவர்கள் மனைவிமார் இருந்தார்கள், வாங்கிய ராணிகளும் பாடகிகளும் இருந்தார்கள். ஆணி அடித்தவர்கள் ஒருவர்கூட இல்லை. இரண்டு வருடம் அந்தத் தாள்களைப் படித்தும் நான் அதைக் கவனிக்கவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. "பேர் எழுதி வைக்கலீங்க" என்றேன். அவர் "ஓ" என்று மட்டும் சொன்னார்.

இனி பூட்டு. கித்தான் போனால் என்ன, பூட்டில் எண் இருந்தால் போதும், பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிடலாம். நிறுவனத்தின் பாரிஸ் ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். புதுச்சேரிக்கு வந்த பெட்டிகளில் கணக்கில் வராதவை இரண்டு என்று எண்களையும் அனுப்பியிருந்தார். பெயிண்டர் நல்லவேளையாகப் பூட்டில் கை வைக்கவில்லை. காவி நிறத்துக்கு நடுவில் அந்தப் பித்தளை மட்டும் தங்கமாக மின்னியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. வழவழவென்று இருந்தது. தாளில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், மாவைத் தூவிப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் குழிந்திருந்தது, அவ்வளவுதான்.

"இங்கே எழுத்து மாதிரி, எண் மாதிரி ஏதாவது இருந்ததா?" என்று கேட்டேன்.

பாவாயி அம்மாள் கிட்டே வந்தார். பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொரசொரன்னு ஒண்ணு இருந்துச்சுங்க. கையில தட்டுப்படும். அழுக்கு ஒட்டிக்கிட்டுப் போவ மாட்டேங்குதுன்னு..." அவர் குரல் இறங்கியது. "நான் கல்யாணமாகி மோகனூர்ல இருந்து வந்து முப்பத்தெட்டு வருசமாச்சுங்க. வெள்ளிக்கெழம தவறாம புளியும் செங்கப் பொடியும் போட்டுத் தேய்க்கறேன். அந்த எடத்த மட்டும் இன்னும் ரெண்டு அழுத்து அழுத்துவனுங்க. சாவி வெக்கிற எடமாச்சே, சுத்தமா இருக்கோணுமின்னு. அது நம்பருங்களா? நாந்தான் அழிச்சுப் போட்டனா?"

 ஆமாம் என்று அலுப்பில் என் முகமே சொல்லியிருக்கும். என் அத்தியாயம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருட அலைச்சல், அதற்குள் தேய்ந்த செருப்புகள், எல்லாம் வீண். கணக்கில் வராத எண்கள் இரண்டுதான், எண் இல்லாவிட்டால் அத்தியாயமே வராது என்று அவர்களிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்லமுத்து எழுந்து போனார். ஒரு சிறிய மரப்பெட்டியோடு திரும்பி வந்தார். திறந்தார். உள்ளே சைபர் முதல் ஒன்பது வரை எஃகு எண் அச்சுகள் வரிசையாக இருந்தன. பட்டறையில் கட்டும் ஒவ்வொரு பாடிக்கும் பின்சட்டத்தில் வரிசை எண் பொறிப்பார்களாம், அதற்கான அச்சுகள்.

"கணக்குல வராத நம்பர் ரெண்டுன்னு சொன்னீங்கல்ல? அதுல ஒண்ணச் சொல்லுங்க. நாலே அடி. கொஞ்சம் மங்கலா அடிச்சு எண்ணெய் போட்டுத் தேச்சுட்டா நூறு வருசம் பழசாத் தெரியும். பொட்டிதானுங்களே, ஒரு ஆளுக்கும் நட்டமில்ல."

இந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொன்னதாக எழுத ஆசைதான். ஆனால் சொல்லவில்லை. யோசித்தேன். பாதிக்குப் பாதி அது சரியான எண்ணாகவே இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பையிலிருந்து தாளை எடுத்தேன். "நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு" என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். செல்லமுத்து நாலாம் அச்சை எடுத்துப் பூட்டின் குழிவில் நிறுத்தி, சுத்தியலை ஓங்கினார்.

பாவாயி அம்மாள் பூட்டின் மேல் கையை வைத்துவிட்டார்.

"வேண்டாமுங்க."

"அட, கைய எடு. டீச்சருக்கு ஆவோணும்ல?"

"நீங்க அடிச்சா அது உங்க நம்பருங்க. பொட்டியோட நம்பரு இல்ல." என் பக்கம் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தாலும் குரல் கலங்கவில்லை. "அம்மிணி, நான் தேச்சது தேச்சதுதான். நான் தேச்சுப் போட்டேன்னே எழுதிப் போடுங்க. திட்டினா என்னயத் திட்டட்டும். அது நெசமுங்க."

செல்லமுத்து சுத்தியலைக் கீழே வைத்தார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.  பிறகு பாவாயி அம்மாள் தட்டப்பயிறுக் குழம்பும் சோறும் போட்டார். அவமானத்தோடு சாப்பிட்டாலும் குழம்பு நன்றாக இருந்தது. கிளி, தாமரை, "நல்வரவு", வழவழப்பான பூட்டு என்று நாற்பது படங்கள் எடுத்தேன். கடைசியில் ஒரு படம், பூட்டின் மேல் அவர் கை இருப்பதுபோல. அது எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் செல்லமுத்து என்னை நெடுஞ்சாலையில் விட்டார். நாமக்கல் 15 கிலோமீட்டர், டிக்கெட் 20. பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு விடுதியில் ஏ.சி. இல்லாத அறை 850 ரூபாய், மின்விசிறி சூட்டைத்தான் இறைத்தது. நாமக்கல் கோட்டை ஏறினீர்களா என்று கேட்பீர்கள். ஏறவில்லை. அறை ஜன்னலிலிருந்து பாறையைப் பார்த்தேன், பாறை என்னைப் பார்த்தது. ஆஞ்சநேயர் கோவிலுக்கும் போகவில்லை. மறுநாள் காலை 6.30-க்குக் கிளம்பி சாயங்காலத்துக்குள் புதுச்சேரி வந்து, இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

எழுந்ததும் பாரிசுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன், நான் எண்ணை வாய்விட்டுச் சொன்னது உட்பட. மறுநாளே பதில் வந்தது, மிகவும் மரியாதையான நான்கு வரிகளில். எண் இல்லாததால் அத்தியாயத்தைச் சேர்க்க இயலாது, என் உழைப்புக்கு நன்றி.

அழுதேன். அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு கோபம் வந்தது. இந்த முறை யார்மேல் என்று தெளிவாகத் தெரிந்தது. திரும்ப எழுதினேன். உங்கள் ஐந்நூறு பக்கங்களில் பூட்டுகளுக்கு எண் இருக்கிறது, வாங்கியவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஆணி அடித்தவர் ஒருவருக்காவது பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். புதுச்சத்திரத்தில் ஓர் அம்மாள் அதைக் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை, உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டேன். அத்தியாயம் வேண்டாம், என் பெயரும் வேண்டாம், அந்தக் கை இருக்கும் படத்தை மட்டும் போடுங்கள், கீழே நடந்ததை எழுதுங்கள் என்றேன். பதினொரு நாள் பதிலில்லை. அப்புறம் அந்த ஆவணக் காப்பகத்து அம்மையாரே கைப்பேசியில் அழைத்தார். பதிவேடுகளில் தேடினாராம். ஒரு பெயரும் இல்லையாம்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மே மாதம் போகாதீர்கள், மார்கழி தை நல்லது. சேலத்தில் ஏறும் முன் புதுச்சத்திரம் நிற்குமா என்று நடத்துநரிடம் கேளுங்கள், போர்டை நம்பாதீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் ஆட்டோ 80 ரூபாய். லாரிப் பட்டறைகளைப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை, வெல்டிங்கை மட்டும் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். தண்ணீர் இரண்டு பாட்டில். அப்புறம், பழைய பொருள் எதையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டி ஃபோன் பண்ணாதீர்கள். இந்தப் பக்கத்து மனிதர்கள் விருந்தாளிக்காக எதையும் புதுசாக்கிவிடுவார்கள்.

போன வாரம் புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், இருபத்து மூன்று பேரோடு பொடி எழுத்தில், ஓர் எழுத்து விட்டுப்போய் இருக்கிறது. முன்னூற்று நாற்பதாம் பக்கத்தில் முழுப் பக்கத்துக்கும் கிளிகள், பித்தளைப் பூட்டு, அதன் மேல் ஒரு கை. உடனே புதுச்சத்திரத்துக்கு ஃபோன் போட்டேன். செல்லமுத்துதான் எடுத்தார்.

"அவகிட்டயே சொல்லுங்க டீச்சர். நீங்க வந்துட்டுப் போனதுலருந்து அந்தப் பூட்டத் தொடவே மாட்டேங்கறா. கருத்துக் கெடக்குது. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

பாவாயி அம்மாள் வந்தார். படத்தின் கீழே இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன்: "புதுச்சேரிக்கு அனுப்பிய பயணப் பெட்டி. செய்தவர் பெயர் தெரியவில்லை. நாமக்கல் அருகே இதை முப்பத்தெட்டு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் துலக்கியவர் பாவாயி. எண் அவர் கையில் தேய்ந்தது."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். 

"அம்மிணி" என்றார் கடைசியில். "நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க. தேய்க்கலாமுங்களா?"

"தேயுங்கம்மா" என்றேன்.